கார் வடிவமும் ஊர்ப்பேச்சும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். அடிபட்ட கதவைக் கழற்றி, நசுங்கினதை எடுத்து, பட்டி போட்டுத் தேய்த்து, கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த வளைவைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை. கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு எட்டு இங்கே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியின் கார் ஆலை திறந்த பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. ஷெட்டிலும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"ஜப்பான் வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், கொரியா வண்டி பரவாயில்ல, சீனா வண்டி பக்கமே போகாதேங்காங்க. சரிதானா அண்ணாச்சி?"

இந்த வரிசை எப்படி வந்தது என்று பார்த்தால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

டொயோட்டா 1957-ல் அமெரிக்காவுக்குள் காலடி வைத்தபோது கொண்டுபோனது கிரௌன் என்ற கார். ஜப்பானின் மோசமான ரோட்டுக்கு ஏற்றபடி கெட்டியாகச் செய்யப்பட்ட வண்டி அது. அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. சூடேறியது, திணறியது. சில வருடங்களிலேயே அங்கே அதன் விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது. இன்றைக்கு நாம் 'டொயோட்டாவா, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும்' என்கிறோம். அதே கம்பெனிதான்.

ஹூண்டாய்க்கும் அதே கதை. 1986-ல் எக்செல் என்ற சின்னக் காரை அமெரிக்காவில் இறக்கினார்கள். விலை குறைவு என்பதால் முதல் வருடமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. அப்புறம் ரிப்பேர் வர ஆரம்பித்ததும் பெயர் கெட்டுவிட்டது. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1990-களின் கடைசியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருட வாரண்டி கொடுத்துத்தான் அங்கே ஜனங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

ஆகவே ஊர்ப்பேச்சு எப்போதும் காருக்குப் பத்து வருடம் பின்னால்தான் வருகிறது. கெட்ட பேரும் அப்படித்தான், நல்ல பேரும் அப்படித்தான். நாட்டின் பெயரைக் கேட்டு வாங்கினால் பத்து வருடத்துக்கு முந்தைய காரைப் பற்றிய அபிப்பிராயத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். முன்னால் நிற்கிற வண்டியைப் பாருங்கள், உங்கள் வீட்டு மனிதர்களை அதில் உட்காரவைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

"சான்ட்ரோ வந்த புதுசுல, 'என்ன இது, டப்பா மாதிரி நிமிர்ந்து நிக்குது'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எப்படித் தெருவுக்குத் தெரு வந்துச்சு?"

சிரித்தவர்களில் எங்கள் வீட்டாரும் உண்டு. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து அந்த வண்டி வெளிவந்தபோது கார் என்றால் தாழ்வாக, நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் எல்லாருக்கும். இதுவோ உயரமாக, குட்டையாக, கண்ணாடி பெரிதாக இருந்தது. 'டால் பாய்' (உயரமான பையன்) வடிவம் என்று ஹூண்டாய் கம்பெனியே பெருமையாகச் சொன்னது.

எங்கள் ஆச்சி அதில் முதன்முதலாக ஏறிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். அதற்கு முன்னால் சித்தப்பாவின் பழைய காரில் ஏறுவதென்றால் ஆச்சி முதலில் தலையைக் குனிந்து, கதவுச் சட்டத்தைப் பிடித்து, முழங்காலை மடக்கி, 'முருகா' என்று சொல்லிப் பொத்தென்று உள்ளே விழ வேண்டும். இறங்குவது அதைவிடப் பாடு. ரெண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். சான்ட்ரோவில் கதவைத் திறந்ததும் ஆச்சி அதன் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். ஸீட் சரியாக அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. சேலையை ஒதுக்கி அப்படியே உட்கார்ந்தாள், அப்புறம் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். திண்ணையில் உட்காருவது மாதிரி. கல்யாண வீட்டுக்குப் போகும்வரை ஜன்னல் வழியாக வயலையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உட்காருகிறவரின் இடுப்பு தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பது கார் வடிவமைப்பாளர்கள் வேலையைத் தொடங்கும்போதே குறிக்கிற புள்ளி. அதை வைத்துத்தான் கூரையும் கதவும் ஸ்டியரிங்கும் அமைகின்றன. ஜப்பானில் சுஸூகி 1993-லேயே வேகன்ஆர் காரில் இந்த உயரக் கணக்கைப் போட்டுவிட்டது. அங்கே அப்போது சின்னக் கார் சட்டப்படி நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. நீளமும் அகலமும் அடைபட்டுப் போனதால் மிச்சம் இருந்த வழி, உயரம். அந்த வேகன்ஆர் 1999 கடைசியில் நம் ஊருக்கும் வந்தது. இன்றைக்கும் நெல்லையில் வயதானவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் அதிகம் நிற்பது வேகன்ஆர்தான். எண்ணிப் பாருங்கள்.

"அப்போ மாட்டிஸ்னு ஒரு கார் அழகா வந்துச்சே. அது எங்க போச்சு?"

மாட்டிஸைப் பற்றிக் கேட்டால் எனக்கு மனசு கனத்துப்போகும். சான்ட்ரோவுக்குப் போட்டியாக அதே காலத்தில் தேவூ கம்பெனி கொண்டுவந்த கார். அதுவும் கொரியாதான். வடிவம் போட்டது இத்தாலியின் ஜார்ஜெட்டோ ஜூஜாரோவின் நிறுவனம். உருண்டைக் கண்ணும் சிரித்த முகமுமாக, பக்கத்தில் சான்ட்ரோவை நிறுத்தினால் சான்ட்ரோ வாடகைக்கு வந்தது மாதிரி இருக்கும். ஆனால் 2000-ல் தேவூ திவாலாகிவிட்டது. அப்புறம் ஒரு ஹெட்லைட் உடைந்தால் பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டியதாயிற்று. என் ஷெட்டுக்கு வந்த கடைசி மாட்டிஸ் ஒரு முன்பம்பருக்காக நாலு மாதம் நின்றது.

"ஜூஜாரோன்னு சொன்னீங்களே, கொரியாக்காரன் காருக்கு இத்தாலிக்காரன் எதுக்கு?"

ஹூண்டாயின் முதல் சொந்தக் கார் போனி, 1975. அதை வரைந்ததும் ஜூஜாரோதான். இன்ஜின் தொழில்நுட்பம் ஜப்பானின் மிட்சுபிஷியிடம் இருந்து வாங்கினார்கள். தொழில் கற்றுக்கொள்கிற நாடுகள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன. நிஸ்ஸான் 1950-களில் இங்கிலாந்தின் ஆஸ்டின் காரை உரிமம் வாங்கிச் செய்து பழகியது. நம் அம்பாசடரும் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதானே.

போனியின் கோடுகளை ஹூண்டாய் மறக்கவில்லை. இன்றைக்கு அயோனிக் 5 என்ற மின்சாரக் காரைப் பார்த்தால், மடித்த காகிதம் மாதிரி நேர்க்கோடும் சாய்ந்த பின்பக்கமும் அந்தப் பழைய போனியில் இருந்து எடுத்ததுதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் கடன் வாங்கிய வடிவம் இன்றைக்கு அவர்களுடைய சொந்த அடையாளமாக நிற்கிறது.

"மாருதித் தகடு மெலிசு, தட்டினா டங்குடங்குன்னு சத்தம் வருது. டாடா கனமா இருக்கு. அப்போ மாருதி ஆபத்துதானே?"

வாரத்துக்கு ஒருவராவது கேட்பது இது. முட்டியால் கதவைத் தட்டிக் காட்டிக்கொண்டே கேட்பார்கள்.

நீங்கள் தட்டுவது காரின் சட்டையை. வெளித்தகடு ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் முக்கால் மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். உள்ளே சத்தம் வராமல் இருக்க ஒட்டுகிற தாரும் பஞ்சும் எவ்வளவு என்பதைப் பொறுத்து 'டங்' என்றோ 'தொம்' என்றோ கேட்கும். உயிரைக் காப்பது அதற்குள்ளே இருக்கிற எலும்புக்கூடு. முன்கண்ணாடியின் ரெண்டு பக்கத் தூண், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருக்கிற தூண், கதவுக்குள்ளே குறுக்கே போகிற குழாய் இவையெல்லாம் சேர்ந்ததுதான் அது. பெரிய விபத்தில் அடிபட்டு வரும் சில புது வண்டிகளில் நடுத்தூணைக் கழற்றும்போது, சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. நுனி சிவந்து மழுங்கிவிடும். சூடாக்கி அச்சில் அமுக்கி உடனே குளிரவைத்த இரும்பு அது. அதற்கென்று தனி பிட் வாங்கிவைத்திருக்கிறேன். எந்தக் காரில் எந்த இடத்தில் அந்த இரும்பு இருக்கிறது என்பதை வெளியே தட்டி யாராலும் சொல்ல முடியாது.

மோதல் சோதனையைப் பாருங்கள். 2014-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்தது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். ஜெர்மன் வண்டிக்கும் பூஜ்யம்தான், ஏனென்றால் ஏர்பேக் இல்லை. போலோவின் கூடு உறுதியாக நின்றது, ஏர்பேக் போட்டுத் திரும்ப மோதவிட்டபோது நாலு நட்சத்திரம் வந்தது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்கிற காருக்கு அது முதல்தடவை. 'டாடா கெட்டி' என்ற பேச்சு ஊரில் அதற்கப்புறம்தான் வேர்விட்டது, அந்தப் பெயர் உழைத்து வாங்கிய பெயர். 2024 நவம்பரில் மாருதியின் புது டிசையர் அதே ஐந்து நட்சத்திரத்தை வாங்கியது. ஆனாலும் ஊர்ப்பேச்சு இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

2023 அக்டோபரில் இருந்து நம் அரசாங்கமே பாரத் என்கேப் என்று சோதனை நடத்துகிறது. நீங்கள் வாங்கப்போகிற மாடலுக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கதவைத் தட்டாதீர்கள்.

"சின்ன எஸ்யூவி எல்லாம் ஏன் பின்னால வெட்டி விட்ட மாதிரியே இருக்கு?"

வெட்டியதேதான். 2006 மத்திய பட்ஜெட்டில் நம் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்தில் இருந்து 16-ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், இன்ஜின் பெட்ரோல் 1,200 சிசி, டீசல் 1,500 சிசிக்குள். அந்த அளவு இன்றைக்கும் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40.

முதலில் வந்த டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012-ல் அதையே 3,995-க்குச் சுருக்கினார்கள். எங்கே சுருக்கினார்கள்? உட்காரும் இடத்தில் கைவைக்க முடியாது, இன்ஜின் இடத்திலும் முடியாது. டிக்கியில்தான். வாலை நறுக்கின கோழி மாதிரி அது நின்றது, எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதற்கு அடுத்து வந்த மாடலில்தான் அந்த அளவுக்குள்ளேயே கூரையை மெதுவாக இறக்கி அழகாக முடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிரெஸா, வென்யூ, சோனெட், நெக்ஸான் நாலையும் டேப் வைத்து அளந்தால் நாலும் 3,995-தான். ஜப்பான், கொரியா, இந்தியா என்று மூன்று நாட்டுக் கம்பெனிகளையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் உட்காரவைத்துப் படம் போடச் சொன்னால் சாயல் வரத்தானே செய்யும்.

"பெலினோவும் கிளான்ஸாவும் ஒரே கார்தானே? ஏன் சிலர் டொயோட்டாதான் வேணும்னு நிக்காங்க?"

ஆமாம், ஒரே கார். 2019-ல் இருந்து சுஸூகி செய்கிற பெலினோவை டொயோட்டா தன் பெயரில் கிளான்ஸா என்று விற்கிறது. எர்டிகா ரூமியோனாக வந்தது. டொயோட்டா செய்கிற இன்னோவா ஹைகிராஸ், மாருதி ஷோரூமில் இன்விக்டோ. என்னிடம் பெலினோ, கிளான்ஸா ரெண்டுக்கும் கதவு மாற்ற வந்திருக்கிறது. கதவு, கீல், ரப்பர் எல்லாம் ஒன்றே. ஆனால் 'டொயோட்டா தகடு கனம்' என்று கிளான்ஸா ஓனர் ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். வாரண்டி எத்தனை வருடம், சர்வீஸ் எது உங்கள் வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

"இன்னோவாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?"

2000-ல் குவாலிஸ் வந்தபோது பெட்டி மாதிரி இருந்தது, யாரும் அழகு என்று சொல்லவில்லை. ஆனால் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர், குற்றாலம், சபரிமலை என்று அசராமல் ஓடியது. 2005-ல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். முன்கண்ணாடியில் இருந்து மூக்கு வரை ஒரே சரிவாக, ரயில் இன்ஜின் மாதிரி இழுத்த வடிவம். அதே உழைப்பு, மேலே நல்ல சட்டை. அமைச்சர் வீட்டிலும் நின்றது, ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டிலும் நின்றது. இப்படி ரெண்டு இடத்திலும் மரியாதை வாங்கின வண்டி நம் பக்கத்தில் வேறு இல்லை.

2022-ல் வந்த ஹைகிராஸில் அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, முன்சக்கரம் இழுக்கிற வண்டி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது சொகுசு. டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பழைய இன்னோவா கிரிஸ்டா டீசலைத்தான் கேட்கிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் அவரவர் ஓட்டத்துக்குச் சரி.

"தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் நம்ம வண்டியா, சீனா வண்டியா?"

சீனா இல்லை, வியட்நாம். 2017-ல் தொடங்கிய கம்பெனி, சொந்த ஊரில் ஹைஃபோங் துறைமுக நகரத்தில் ஆலை. துறைமுகத்தை ஒட்டி ஆலை போடுவது அவர்கள் பழக்கம் என்பதால் தூத்துக்குடிக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 2024 பிப்ரவரி 25 அன்று சிப்காட்டில் 400 ஏக்கரில் அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். தொடக்கத்தில் வருடத்துக்கு 50,000 கார் என்பது அளவு. செப்டம்பரில் விஎஃப் 6, விஎஃப் 7 என்ற ரெண்டு மின்சாரக் கார்களையும் விலை சொல்லி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

வடிவத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கம்பெனி தொடங்கிய 2017-ஆம் வருடமே, நாலு இத்தாலிய வடிவமைப்பு நிறுவனங்களிடம் படம் வரைந்து வாங்கி, 'இதில் எது நம் கார்?' என்று வியட்நாம் ஜனங்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். ஓட்டில் ஜெயித்த படங்கள்தான் அவர்களுடைய முதல் கார்களாக வந்தன. ஊர்ப்பேச்சைக் காருக்குப் பத்து வருடம் பின்னால் வரவிடாமல், காருக்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிட்டார்கள்! முன்பக்கமும் பின்பக்கமும் பறவை சிறகு விரித்த மாதிரி 'வி' எழுத்தில் எரிகிற விளக்குதான் இவர்கள் காருக்கு அடையாளம். விஎஃப் 6, விஎஃப் 7 ரெண்டையும் வரைவதில் டொரினோ டிசைன் என்ற இத்தாலிய நிறுவனம் கூட இருந்தது. விஎஃப் 7-இன் பக்கவாட்டை ஒருதரம் தூரத்தில் நின்று பாருங்கள். கூரை பின்னால் சரிந்து இறங்குகிற விதம் சுத்தமாக இருக்கிறது, தேவையில்லாத கீறல் கோடு ஒன்றுகூட இல்லை.

தூத்துக்குடி 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அந்த ஆலை நன்றாக ஓட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்காக மாட்டிஸை மறந்துவிடச் சொல்லமாட்டேன். வாங்குவதாக இருந்தால், சர்வீஸ் எங்கே, ஒரு பின்விளக்கு உடைந்தால் எத்தனை நாளில் வரும், பேட்டரி வாரண்டி என்ன என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"சீனாக்காரன் எல்லாத்தையும் காப்பி அடிக்கிறவன்தானே?"

அடித்த காலம் உண்டு. லேண்ட்விண்ட் எக்ஸ்7 என்ற சீன வண்டியை ரேஞ்ச் ரோவர் இவோக் பக்கத்தில் நிறுத்தினால் கூடப் பிறந்தது மாதிரி இருக்கும். 2019-ல் பெய்ஜிங் நீதிமன்றமே அதை நகல் என்று சொல்லி, விற்பனையை நிறுத்தச் சொன்னது. சீன நீதிமன்றம் சீனக் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதை ஊரில் யாரும் பேசுவதில்லை.

பிஒய்டி கம்பெனி 1995-ல் ஷென்சென் நகரத்தில் பேட்டரி செய்யத் தொடங்கியது. இப்போது அதன் வடிவமைப்புக்குத் தலைமை, ஆடியில் இருந்து வந்த வோல்ஃப்காங் எக்கர். அட்டோ 3 காரின் கதவில் பாட்டில் வைக்கிற இடத்தில் கிதார் தந்தி மாதிரி மூன்று கம்பி கட்டியிருக்கிறார்கள், மீட்டினால் சத்தம் வரும். எனக்கு அந்த உட்புறம் கொஞ்சம் கூடுதல் ஜோடனை. ஆனால் யாரைப் பார்த்தும் அடித்த காப்பி அது இல்லை.

எம்ஜி என்ற பெயர் இங்கிலாந்து, சொத்து சீனாவின் செய்க் கம்பெனியுடையது, இங்கே இந்தியக் கம்பெனியான ஜேஎஸ்டபிள்யூ கூட்டு, ஆலை குஜராத் ஹாலோலில். 'எம்ஜி லண்டன் வண்டி' என்று சொல்லி வாங்கியவர்களே 'சீனா வண்டி வேண்டாம்' என்றும் சொல்கிறார்கள்.

"முன்னால கிரில் ஏன் இவ்வளவு பெருசா, முறைக்கிற மாதிரி வைக்கான்?"

தூரத்தில் வரும்போதே எந்தக் கம்பெனி என்று தெரிய வேண்டும், அதற்குத்தான். கியாவில் 2006-ல் சேர்ந்த பீட்டர் ஷ்ரேயர் இதைக் கணக்காகச் செய்தார். அதற்கு முன் கியா காருக்கு முகமே கிடையாது. அவர் மேலும் கீழும் நடுவில் இடுக்கின 'புலி மூக்கு' கிரில்லைக் கொண்டுவந்தார். 2019-ல் செல்டோஸ் நம் ஊருக்கு வந்தபோது கம்பெனி பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்கூட முகத்தை அடையாளம் சொன்னார்கள். மின்சாரக் காருக்குக் காற்று உள்ளே போகும் ஓட்டை அதிகம் தேவையில்லை, அதனால் அந்த இடத்தை இப்போது இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓடுகிற விளக்கு பிடித்துக்கொண்டது. அழகுதான். ஆனால் ஒரு பைக் லேசாக முட்டினால் முழுப் பட்டையையும் மாற்ற வேண்டிவரும். வாங்கும்போதே அந்த விளக்கின் விலையைக் கேட்டுவிடுங்கள்.

கீறல் கோடுகளுக்கும் இதே எச்சரிக்கை. 2011 வெர்னாவில் இருந்து ஹூண்டாய் கதவில் ஆழமான மடிப்புகளைப் போட ஆரம்பித்தது. மடிப்பின் மேல் அடி விழுந்தால், அந்த ஒரு கோட்டைத் திரும்ப நேராக்க எனக்கு ஒரு நாள் பிடிக்கும். டேப் ஒட்டி, ஒரு பக்கம் தேய்த்து, டேப்பை மாற்றி ஒட்டி, மறுபக்கம் தேய்க்க வேண்டும். பழைய ஸ்விஃப்ட்டின் உருண்டைக் கதவு அரை நாள் வேலை.

"வெள்ளைக் கலர்தான் வாங்கணுமா?"

நெல்லை வெயிலுக்கு வெள்ளை நல்லது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளையிலும் ரெண்டு வகை உண்டு. சாதா வெள்ளையில் ஒரு கீறலைச் சரிசெய்தால் அந்தப் பகுதியோடு முடிந்துவிடும். முத்து வெள்ளை என்றால் அடிப்பூச்சு, முத்துப் பூச்சு, மேலே கிளியர் என்று மூன்று படலம். கதவில் அடித்தால் பக்கத்து ஃபெண்டர் வரை கலர் கலந்து விட வேண்டும், இல்லையென்றால் சாயங்கால வெயிலில் கதவு தனியாகத் தெரியும்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தேரிமண் ஒரு தொல்லை. செம்மண் தூசி வெள்ளைக் காரின் ரப்பர் ஓரமெல்லாம் படிந்து காவி ஏறிவிடும். அங்கே சாம்பலும் வெண்கல நிறமும்தான் என் சிபாரிசு. உவரி, இடிந்தகரை மாதிரி கடற்கரை ஊர் என்றால் நிறத்தைவிட முக்கியம், கல் தெறித்துப் பெயிண்ட் போன இடத்தை உடனே மூடுவது. உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் தகட்டுக்கு அடியில் துரு ஓடிவிடும்.

"சன்ரூஃப்?"

நம் வெயிலுக்கு வருடத்தில் பத்து நாள் திறப்பீர்கள், குற்றாலச் சீசனில். பின்னால் உட்காருகிறவர்களின் தலைக்கு மேல் இடம் குறையும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்குங்கள், ஆனால் ஓடும்போது அவர்களைத் தலை நீட்ட விடவே விடாதீர்கள்.

"2023 வெள்ளத்துக்கு அப்புறம் எல்லாரும் உயரமான வண்டிதான் கேக்காங்க. அது காப்பாத்துமா?"

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அடுத்த வாரத்தில் என் ஷெட்டுக்கு வந்த வண்டிகள் எல்லாவற்றிலும் வண்டல் கோடு இருந்தது, சிலவற்றில் ஸ்டியரிங் வரை, சிலவற்றில் கூரை வரை. அந்தத் தண்ணீருக்கு எஸ்யூவியும் ஒன்றுதான், ஹேட்ச்பேக்கும் ஒன்றுதான். என் சொந்த வண்டியும் போனது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்தீர்கள் என்று சொல்லி இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏழு மாதம் இழுத்தடித்தார்கள், நான் சாவியைத் தொடவே இல்லை.

சாதாரண மழைக்காலத்தில் தெருவில் நிற்கும் தண்ணீருக்கு உயரம் உதவும். அதைவிட, இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். உயரமான சில வண்டிகளில் அது தாழ்வாக இருக்கிறது.

"டாடா, மஹிந்திரா வடிவமெல்லாம் இப்போ வெளிநாட்டுக்கு நிகரா?"

நிகர். டாடாவில் இருந்து 2021-ல் மஹிந்திராவுக்குப் போன பிரதாப் போஸ் ரெண்டு கம்பெனியின் முகத்தையும் மாற்றியவர். 2024 நவம்பரில் வந்த மஹிந்திராவின் மின்சாரக் கார் பிஇ 6-ஐப் பாருங்கள். எல்லாருக்கும் பிடிக்காது, எனக்கே கோணம் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. ஆனால் யாரிடமும் கேட்காமல் துணிந்து போட்ட கோடு அது.

"ஷோரூம்ல வடிவத்தை எப்படிப் பாக்கணும்?"

ஷோரூம் விளக்கில் எந்தக் காரும் அழகு. வெளியே எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள், சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு. பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டைப் பாருங்கள். அப்புறம் பின் ஸீட்டில் உட்காருங்கள். இப்போது ஜன்னல் கோட்டைப் பின்னால் போகப்போக உயர்த்தி வரைகிறார்கள், ஓடுகிற தோரணை வருவதற்காக. அதனால் பின்னால் உட்காரும் பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வாந்தி வருகிறது என்று அழும். உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கதவைத் திறந்து, பிடிக்காமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏசியையும் பாட்டையும் ஸ்கிரீனைப் பார்க்காமல் கையாலேயே தடவி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். டவுனில் வீடு என்றால் ரத வீதியில் ஒரு வளைவு திருப்பிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

"மகன் எப்பப் பார்த்தாலும் நோட்டுல கார் வரைஞ்சுக்கிட்டே இருக்கான். இதுக்குப் படிப்பு இருக்கா?"

இருக்கிறது. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் வாகன வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசியிலும் உண்டு. முதலில் இன்ஜினியரிங், கட்டடக்கலை, வடிவமைப்பு மாதிரி ஒரு பட்டம், அப்புறம் நுழைவுத் தேர்வு. பிரதாப் போஸ் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர்தான். கம்ப்யூட்டர் எவ்வளவு வந்தாலும் பெரிய கம்பெனிகளில் இன்றைக்கும் முழு அளவுக் காரைக் களிமண்ணில் செய்து, கையால் தடவிப் பார்த்துத்தான் வளைவை முடிவு செய்கிறார்கள். கண் விட்டுவிடுகிற மேடுபள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். டிங்கரிங் வேலையில் நாங்கள் செய்வதும் அதேதான்.

பையனை ஒருநாள் சாயங்காலம் ஷெட்டுக்கு அனுப்புங்கள். பழைய சான்ட்ரோ கதவு ஒன்று, பட்டி தேய்த்து முடித்துப் பெயிண்ட் அடிக்காமல் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவி, நான் எந்த இடத்தில் நசுங்கல் எடுத்தேன் என்று அவன் சொல்லட்டும்.